நங்கூரக் கயிறு

சாந்தோம்,
4.2.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நிலா எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் வழி முழுக்கத் தூக்கம். திருவான்மியூரில் கண்டக்டர் தட்டி எழுப்பி இறக்கிவிட்டார். அம்மா சுகம். நீங்கள் கொடுத்தனுப்பிய சென்னாக்குனிக் கருவாட்டை முருங்கைக்கீரையில் போட்டுக் கிளறிவிட்டு, எனக்கு ஒரு கரண்டிதான் வைத்தார். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறீர்களா, அல்லது மாடத்தில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

ஊரே வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்க, நாம் மட்டும் தபால்காரருக்கு வேலை வைக்கிறோம் என்று ஆபீசில் கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அண்ணாவைக் காணோம் என்று போன் வந்த காலையிலிருந்து மணிச் சத்தம் கேட்டாலே நீங்கள் எழுந்து வெளியே போய்விடுகிறீர்கள் என்று எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

நான் வந்த வேலை என்ன என்று ஊரில் யாராவது கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். காக்கா ஆழி என்று ஒரு கறுப்புச் சிப்பி. நம் கடலைச் சேர்ந்ததில்லை. அமெரிக்காப் பக்கத்துக் கரையிலிருந்து கப்பலின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு வந்ததாகச் சொல்கிறார்கள். இப்போது எண்ணூரிலும் அடையாற்றிலும் சேற்றின் மேல் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. அது படர்ந்த இடத்தில் இறால் சேற்றுக்குள் புக முடியாது, மட்டி மூச்சு முட்டிச் செத்துவிடும். உங்கள் உப்பங்கழிக்கு அது இன்னும் வரவில்லை. வருகிறதா என்று பார்க்கத்தான் தண்ணீரில் கம்பம் நட்டு அந்தப் பலகையைக் கட்டித் தொங்கவிட்டேன். என் மேலதிகாரி விஜயலக்ஷ்மி மேடத்தின் வரைபடத்தில் சுத்தமான தண்ணீர் என்று நீல மையால் குறித்திருப்பது உங்கள் ஊரை மட்டும்தான். என் வேலையை அடுத்த வருஷமும் நீட்டிப்பார்களா என்பதே அந்த நீலப் புள்ளியை நம்பித்தான் இருக்கிறது. அடுத்து ஆகஸ்டில்தான் வருவேன். அதுவரை நீங்கள்தான் என் கண்.

பலகையைக் கட்டியது அண்ணா படகின் நங்கூரக் கயிறு என்று சொன்னதும் அதைத் தொட்டுப் பார்த்தீர்கள். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அடையாறு கடலில் சேரும் சீனிவாசபுரத்து முகத்துவாரத்தில் படகு நீங்கள் சொன்னபடியே யாரும் தொடாமல் பாதி மூழ்கி நிற்கிறது. அவர் இல்லாமல் அது மட்டும் கவிழ்ந்து கிடைத்தபோது எப்படி இருந்ததோ, அப்படியே. உங்கள் ஊருக்குப் புறப்பட்ட அன்று காலை அங்கே போனேன். கயிறு சும்மாதானே ஊறிக்கிடக்கிறது, உங்களிடமாவது வந்து சேரட்டும் என்று தோன்றியது. ஈரத்தோடு சுருட்டிக் கோணிப்பையில் போட்டு எடுத்து வந்தேன். தப்பு என்றால் திட்டி எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்,
நிலா

---

சின்னக்கழிக்குப்பம்,
மரக்காணம் வழி,
26.2.2024

பிரியமுள்ள நிலாவுக்கு உன் அண்ணி எழுதியது.

இங்கே சாமி புண்ணியத்தில் எல்லோரும் சௌக்கியம். அத்தைக்குச் சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொள். தைலம் தேய்க்கிறேன், போதுமா?

கயிற்றைக் கொண்டு வந்தது தப்பில்லை. தினமும் தண்ணீரில் இறங்கும்போது அதை ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் போகிறேன். கயிற்றின் கோடியில் இறுக்கமாக ஒரு முடிச்சு இருக்கிறதே, அது நீ போட்டதா, உன் அண்ணன் போட்டதா?

பெண்கள் எல்லோரும் ஒன்றாக இறங்கிக் கையால் தடவித்தான் இறால் பிடிக்கிறோம். பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பதால் அந்த நேரம் யாரும் பேச முடியாது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. கரை ஏறிய பிறகுதான் தொல்லை. போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் போனவர் இன்னுமா வருவார், இவள் என்ன பொட்டும் பூவுமாகத் திரிகிறாள் என்று பேசுவது என் காதில் விழ வேண்டும் என்றே பேசுகிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. உடம்பு கிடைக்கவில்லை. கிடைக்காதவரை நான் எதையும் எடுக்க மாட்டேன்.

நான் ஏன் அவரோடு வாழ்ந்த நொச்சிக்குப்பத்தை விட்டுச் சித்தி ஊருக்கு வந்தேன் என்று அத்தைக்கு இன்னமும் வருத்தம் இருக்கும். அங்கே ஒரு மீனைக்கூட என்னால் வாயில் வைக்க முடியவில்லை, நிலா. எந்த மீன் எதைத் தின்றதோ என்று தட்டைத் தள்ளிவிடுவேன். இந்தத் தண்ணீருக்கு அவரைத் தெரியாது. அதனால்தான் இங்கே வந்தேன்.

இப்படிக்கு,
தேவானை

---

சாந்தோம்,
20.3.2024

அன்புள்ள அண்ணிக்கு நிலாவின் வணக்கம்.

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, வாய் இறங்கவில்லை.

அந்த முடிச்சு அண்ணா போட்டதுதான். நான் போட்டிருந்தால் அன்றைக்கே அவிழ்ந்திருக்கும்.

அம்மா இன்னும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை. அடையாற்றுப் பாலம் வரும்போது முந்தானையால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தால் இறங்கும் இடம் வரை துடைத்துக்கொண்டே இருக்கிறார். எனக்கு அந்த வசதி இல்லை. வாரா வாரம் உடைந்த பாலத்துக்குக் கீழே சேற்றில் நின்று, காக்கா ஆழியைச் சுரண்டி எடுத்து எடை போட வேண்டும். அண்ணா படகு கண்ணுக்கு நேரே நிற்கும். போன வாரம் அதன் விளிம்பு வரை கறுப்பாகிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ புதிதாகத் தார் பூசிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

ஓர் உதவி. அமாவாசைத் தண்ணீர் வற்றும்போது பலகையைத் தூக்கிப் பாருங்கள். உளுந்து அளவுக்குக் கறுப்பாக எதுவும் ஒட்டியிருந்தால் உடனே எழுதுங்கள். ஒன்றுமில்லை என்றாலும் எழுதுங்கள். மேடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
நிலா

---

சின்னக்கழிக்குப்பம்,
2.5.2024

நிலாவுக்கு அண்ணியின் ஆசீர்வாதம்.

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது.

பலகையில் ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்தேன். கொஞ்சம் பாசி இருக்கிறது, வெள்ளையாகப் பொருக்கு மாதிரி ஏதோ இருக்கிறது. உன் மேடத்திடம் தைரியமாகச் சொல்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், சிரிக்காதே. அந்தக் காக்கா ஆழி அடையாற்றிலிருந்து இங்கே வரை தானாகவே நீந்தி வருமா? வழி தெரிந்து வருமா? வருவது என்றால் எதைத் தேடிக்கொண்டு வரும்?

அத்தையை விசாரித்ததாகச் சொல்.

தேவானை

---

சாந்தோம்,
15.5.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நான் சிரிக்கவில்லை.

அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத தூசி மாதிரி தண்ணீரில் மிதக்கும். ஆனால் இவ்வளவு தூரம், அதுவும் எதிர் நீரோட்டத்தில், தானாக வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு வழியும் தெரியாது, தேடவும் தெரியாது. யாராவது தூக்கிக்கொண்டு வந்தால்தான் உண்டு. கப்பல், வலை, கயிறு.

இதற்கு மேல் இன்று எழுத ஓடவில்லை. ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். கடிதம் கிடைத்த உடனேயே பலகையையும் கயிற்றையும் தண்ணீரிலிருந்து எடுத்துக் கூரை மேல் வெயிலில் போடுங்கள். கயிறு முறுக்குக்குள்ளும் காயும் வரை அங்கேயே கிடக்கட்டும். திரும்பத் தண்ணீரில் படக் கூடாது. பயப்பட ஒன்றுமில்லை, ஒரு முன்னெச்சரிக்கைதான்.

எடுத்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

நிலா

---

சின்னக்கழிக்குப்பம்,
18.7.2024

நிலாவுக்கு,

சௌக்கியம். நீ சொன்னபடி கயிற்றை எடுத்துக் கூரையில் போட்டுவிட்டேன். அது காய்ந்துகொண்டிருக்கிறது.

ஆடி மாதக் கூழ் ஊற்றும் வேலை இருக்கிறது. என் சித்திக்குச் சேற்றில் ஏதோ கிழித்து உள்ளங்காலில் தையல் போட்டிருக்கிறார்கள். அத்தையைக் கேட்டதாகச் சொல்.

தேவானை

---

சாந்தோம்,
29.7.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு நலமா, மனசு நலமா என்று இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன். இரண்டு மாதம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த கடிதத்தை ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் படித்து முடித்துவிட்டேன். சித்தியின் காலைக் கிழித்தது எது? கறுப்புச் சிப்பியா, வெள்ளைச் சிப்பியா? அதை ஏன் எழுதவில்லை?

நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். உங்கள் ஊருக்கு வருவதற்கு முன் வலையை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தேன். பலகையை பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டேன். கால் செருப்பைக்கூடத் தேய்த்துக் கழுவினேன். எங்கள் வேலையில் இதுதான் முதல் பாடம்: ஒரு தண்ணீரின் ஈரத்தை இன்னொரு தண்ணீருக்குக் கொண்டு போகக் கூடாது. அந்தக் கயிறு மட்டும் எனக்கு ஆபீஸ் சாமானாகவே தோன்றவில்லை. அது வீட்டுச் சாமான். அண்ணா சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடிப்பதுபோல எடுத்து மடித்து வந்துவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வார்கள் என்பார்கள். நான் உங்கள் மடியில் விட்டிருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய “ஒன்றுமில்லை”யை நம்பித்தான் அறிக்கையில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேடத்திடம் உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் உங்கள் கழி போகும். சொல்வதற்கு முன் நானே கண்ணால் பார்க்க வேண்டும். வருகிறேன்.

நிலா

---

சின்னக்கழிக்குப்பம்,
10.8.2024

நிலாவுக்கு,

நீ வராதே. உன்னிடம் கோபம் எதுவுமில்லை. ஆனால் வரக் கூடாது, அத்தைமேல் ஆணை.

நான் சித்திரையிலேயே பார்த்துவிட்டேன். பலகையில் ஒன்றுமில்லை என்று எழுதினேனே, அது பொய்யில்லை. கயிற்றில் இருந்தது. அவர் போட்ட முடிச்சின் இடுக்கில்தான் முதலில் பார்த்தேன். எள்ளு மாதிரி, பிறகு உளுந்து மாதிரி. நீ கேட்ட அடையாளம் எல்லாம் இருந்தது. எனக்குத்தான் எழுத மனசு வரவில்லை.

உன் ஆபீசில் அதற்கு என்ன பெயரோ வைத்துக்கொள்ளுங்கள். அவர் எந்தத் தண்ணீரில் போனாரோ அந்தத் தண்ணீரில் பிறந்தது இது. அந்தச் சேற்றைத் தின்று வளர்ந்தது. அவரில் ஒரு துளியாவது அதற்குள் இல்லாமலா இருக்கும்? நான் அவரைத் தேடக்கூடச் செய்யாமல் எழுந்து வந்துவிட்டேன். அவர் என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

காலையில் தண்ணீர் வற்றும்போது போய்ப் பார்த்தால் உனக்கும் கேட்கும். சிப்பி எல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வாய் மூடும். நெட்டி முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். உன் அண்ணன் பாயிலிருந்து எழுந்ததும் விரல் விரலாக அப்படித்தான் முறிப்பார். முதல் நாள் அதைக் கேட்டு இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டேன். பயந்துதான் நின்றேன். இப்போது அது கேட்காவிட்டால்தான் பயமாக இருக்கிறது.

இப்போது கம்பத்தைச் சுற்றிச் சேறு தெரியவில்லை. எல்லாம் கறுப்பு. இறால் குறைந்துவிட்டது என்று பெண்கள் புலம்புகிறார்கள். நான் பறியைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

கயிற்றைப் பற்றி இனிக் கேட்காதே. அதைப் பிடுங்கச் சொல்லி யாரையும் அனுப்பாதே.

தேவானை

---

சாந்தோம்,
9.9.2024

அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

ஆணையை மீறி வந்துவிட்டேன், அதுவும் மேடத்தையும் கூட்டிக்கொண்டு. ஊர்க் கூட்டத்தில் நீங்கள் பெண்களுக்கு நடுவே தலையைக் குனிந்து நின்றதைப் பார்த்தேன். கூட்டம் முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டீர்கள். பரவாயில்லை.

மேடம் என்னைத் திட்டவில்லை. திரும்பி வரும்போது வண்டியில், “வருஷக் கடைசி வரைக்கும் இரு, அப்புறம் பார்க்கலாம்” என்றார். பார்க்கலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவர்கள் வரைபடத்தில் நீலப் புள்ளியை அழித்துவிட்டார்கள். அது வலித்தது. அதைவிட ஊர்த் தலைவர் அம்மாசி கேட்டதுதான் அதிகம் வலித்தது. “படிச்ச பொண்ணாச்சேன்னு வுட்டோம். எங்க தண்ணியில இப்படி விஷத்தைக் கட்டித் தொங்கவுட்டுட்டுப் பூட்டியேம்மா.” தையல் போட்ட காலோடு உங்கள் சித்தி மண்ணை வாரித் தூற்றினார்.

கூட்டத்துக்கு முன்பே நான் கம்பத்துப் பக்கம் இறங்கிப் பார்த்துவிட்டேன், அண்ணி. கயிறு கூரையில் இல்லை. தண்ணீருக்குள் இருந்தது. என் தொடை அளவுக்குப் பருத்துக் கறுத்திருந்தது. ஏன் அதை அப்போதே எடுக்கச் சொல்லவில்லை என்று அம்மாசி கேட்டபோது, மறந்துவிட்டேன் என்று சொன்னேன். உங்களுக்கு அந்த ஊரில்தான் வாழ்க்கை. எனக்கு இங்கே வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும்.

நானே பிடுங்கியிருக்கலாம். கையும் வைத்தேன். அம்மாவும் நானும் படகைக் கரைக்கு இழுக்கலாம் என்று சொன்னபோது நீங்கள் அதன் மேல் விழுந்து கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

இன்னும் அது அந்த மூலையில் மட்டும்தான் இருக்கிறது. ஊரே இறங்கிச் சுரண்டி மேட்டில் குழி வெட்டிப் புதைத்தால், மழைக்கு முன் ஓரளவு அடக்கலாம் என்று மேடம் சொல்கிறார். நிச்சயமாக என்று சொல்லவில்லை. மழை வெள்ளத்தில் கிளம்பிவிட்டால் கழி முழுக்கப் போய்விடும். ஆனால் கயிறு அங்கே இருக்கும்வரை சுரண்டச் சுரண்ட வந்துகொண்டேதான் இருக்கும்.

உங்களைத் தேடி வந்தது அண்ணா இல்லை. அதற்கு உங்களைத் தெரியாது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான். அண்ணா செத்துவிட்டார், அண்ணி. இதை நான் இதுவரை எழுதியதில்லை, அம்மா வாய்விட்டுச் சொன்னதில்லை, யாரையும் சொல்ல நீங்கள் விட்டதில்லை. எழுதிவிட்டு இங்கே தனியாக உட்கார்ந்து அழுகிறேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

நிலா

---

சின்னக்கழிக்குப்பம்,
20.10.2024

என் நிலாவுக்கு,

நீயும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். எனக்குக் கை முழுக்க வெட்டுக் காயம். அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

நீ முதலில் கேட்கப்போவதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை நடக்கிறது. ஆண்கள் மண்வெட்டியாலும் பெண்கள் அரிவாளாலும் சுரண்டுகிறோம். சவுக்குத்தோப்பு மேட்டில் குழி வெட்டிப் போடுகிறோம். கூடைக்குள் கிடந்துகொண்டும் அவை வாய் மூடுகின்றன. சத்தம் கேட்கத்தான் செய்கிறது. காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றால் இரண்டு கையிலும் சேறு. மழை தொடங்கிவிட்டது. கம்பத்துக்கு அந்தப் பக்கமும் ஒன்றிரண்டு இருப்பதாகச் சித்தி சொல்கிறாள். முழுக்க அழியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பல நாள் உன்னைச் சபித்துக்கொண்டிருந்தேன். அதையும் மறைக்கவில்லை. ஊர் உன்னை ஏசியபோது வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான். அதற்கும் சேர்த்து உன்னைத்தான் சபித்தேன். தண்ணீருக்குள் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு வீட்டுக்கு வந்துவிடுவேன். ஒரு நாள் பிடித்து நின்றபோது பக்கத்தில் சித்தி தடவிக்கொண்டிருந்தாள். வெறும் பறியோடு கரை ஏறினாள். என்னைப் பார்த்து, “உனக்காச்சும் எதுனா கெடைச்சுதாடி?” என்று கேட்டாள்.

மறுநாள் காலை இறங்கி அதை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு அவிழவில்லை, அறுத்துத்தான் எடுத்தேன். கனம் தாங்கவில்லை. கோயில் வாசலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே வரை இழுத்துக்கொண்டு போய் அம்மாசி காலடியில் போட்டேன்.

“இதை எடுத்துடச் சொல்லி நாத்தனாரு அப்பவே எழுதுச்சி. எடுத்துட்டேன்னு நான்தான் பொய் எழுதுனேன். அது மேல தப்பில்ல. இது எங்க வூட்டுக்காரரு கயிறு. அவரு செத்துட்டாரு.”

அவ்வளவுதான் சொன்னேன். திட்டுவார்கள், தண்ணீரில் இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடு போடுவார்கள் என்று காத்துக்கொண்டு நின்றேன். சித்தி நொண்டிக்கொண்டே எழுந்து வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்காரவைத்தாள். மற்றப் பெண்களும் எழுந்து வந்து சுற்றிலும் உட்கார்ந்தார்கள். தோளோடு தோள் கட்டிக்கொண்டார்கள்.

சித்தி என் காதருகே குனிந்து, “அவரு பேரு இன்னாடி? பேரு தெரியாம எப்படிப் பாடி அழுவுறது?” என்றாள். கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. நான் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘அவர்’ என்றுதான் பேசியிருக்கிறேன்.

தாலி ஏறியதிலிருந்து அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை, நிலா. புகழேந்தி என்று சொன்னேன். அவரை ஒரு நாளும் பார்த்திராத பெண்கள் எல்லாம் அந்தப் பேரை வாங்கி அழுதார்கள்.

உன் அண்ணி,
தேவானை